நடுவருக்கு யார் நடுவர்?
கேரள மாணவர் கலைப் போட்டிகளைத் தொடரும் பாரபட்சப் புகார்கள். தமிழகத்துக்கும் ஓர் எச்சரிக்கை

திருவனந்தபுரம்: திருச்சூர் 1,008 புள்ளிகள். பாலக்காடு 1,007 புள்ளிகள். கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவின் தங்கக் கோப்பை 2025ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி இப்படி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கை மாறியது. 25 மேடைகளில் 5 நாள்கள் நடந்த 249 போட்டிகளின் முடிவு அது. இவ்விழாவில் "ஏ' கிரேடுக்கு 5 புள்ளிகள், "பி' கிரேடுக்கு 3 புள்ளிகள். அதாவது, ஏதோ ஒரு மேடையில் ஏதோ ஒரு மாணவிக்கு நடுவர் ஒருவர் சற்றுக் குறைத்து மதிப்பெண் போட்டிருந்தாலே கோப்பை பாலக்காட்டுக்குப் போயிருக்கும்.

அந்த முடிவில் தவறு நடந்ததாக இங்கே சொல்ல வரவில்லை. ஆனால், 14 மாவட்டங்களின் கௌரவமும், மாணவர்களின் கருணை மதிப்பெண்ணும், பெற்றோரின் பணமும் நடுவரின் பேனா முனையில் தொங்குகின்றன. அந்தப் பேனா நேர்மையாக எழுதியது என்பதை மக்களுக்குக் காட்ட ஏற்பாடு ஏதும் உண்டா என்பதே கேள்வி.

சாலைக் கடைத்தெரு: தலைநகரின் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தியது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் வாழும் இடம். அரசுத் தமிழ்ப் பள்ளியும் இங்கு உண்டு. 2025ஆம் ஆண்டு கலைவிழாவின் உணவுக்கூடம் அமைந்த புத்தரிக்கண்டம் மைதானம் இக்கடைத்தெருவுக்கு அருகில்தான் உள்ளது.

துணி, சரிகை, மணி, பூ விற்கும் இந்தத் தெருவுக்கும் கலைவிழாவுக்கும் உள்ள உறவு வெறும் அண்டை வீட்டு உறவல்ல. ஒரு நடனப் போட்டிக்குத் தயாராவது என்பது ஆடை, ஆபரணம், ஒப்பனை, பாட்டுப் பதிவு, பக்கவாத்தியம், ஆசிரியர் சம்பளம் எனத் தொடர்ந்து செலவழிப்பது. நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கியும் இச்செலவைச் செய்கின்றன. ஆடம்பர ஆடை கூடாது என விதி இருந்தாலும், மேடை வேறு கதையைச் சொல்கிறது. இவ்வளவு செலவழித்த பின் "பி' கிரேடு கிடைத்தால், குறை குழந்தையின் ஆட்டத்திலா, நடுவரின் கண்ணிலா என்ற சந்தேகம் எழுவது இயல்பே.

தில்லியில் பிறந்த யோசனை: கேரள மாநிலம் உதயமானது 1956 நவம்பர் 1. அதே நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அடுத்த 3 மாதங்களுக்குள், 1957 ஜனவரியில், முதல் கலைவிழா எர்ணாகுளத்தில் நடந்தது. அப்போதைய பொதுக் கல்வி இயக்குநர் சி.எஸ். வெங்கடேஸ்வரன், தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளைஞர் விழாவைக் கண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு விழா வேண்டும் எனத் தொடங்கியது இது.

1958இல் திருவனந்தபுரத்தில் நடந்த இரண்டாவது விழாவில் வாய்ப்பாட்டில் முதலிடம் பெற்றவர் கே.ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதலிடம் பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். பின்னாளில் தமிழ்த் திரையிசையிலும் கோலோச்சிய இவ்விரு மாணவர்களையும் அடையாளம் கண்ட நடுவர்களின் தீர்ப்பை இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. (2025ஆம் ஆண்டு விழா முடிந்த மறுநாள், ஜனவரி 9ஆம் தேதி, ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார்.)

பட்டங்கள் வந்தன, போயின: 1986ஆம் ஆண்டு கலைப்பிரதிபா, கலாதிலகம் என்ற தனிநபர் பட்டங்கள் அறிமுகமாயின. முதல் கலைப்பிரதிபா நடிகர் வினீத். நடிகை மஞ்சு வாரியர் கலாதிலகமாகத் தேர்வு பெற்றவர். பட்டம் பெற்றால் திரையுலகக் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை பரவியது. பெற்றோரிடையே போட்டி மூண்டது. நடன ஆசிரியர்களிடையே தொழில் போட்டி மூண்டது. நடுவர்களைச் சுற்றி வதந்திகள் வலம் வந்தன. கடைசியில் 2006ஆம் ஆண்டோடு இப்பட்டங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது. 117.5 பவுன் தங்கக் கோப்பை மட்டும் மாவட்டத்துக்கு உரியதாக நிலைத்தது.

பட்டம் போனாலும் பரிசு போகவில்லை. மாநில அளவில் கிரேடு பெறும் மாணவருக்குப் பொதுத் தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு. இதுதான் இன்று போட்டியின் உண்மையான பரிசு. மேடையில் ஆடும் 10 நிமிடம், கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் மதிப்பெண் பட்டியலில் இடம் பெறுகிறது. கலைப் போட்டி அந்த அளவில் ஒரு தேர்வாகிவிட்டது. ஆனால் தேர்வுக்குரிய பாதுகாப்பு அதற்கு இல்லை.

மேல்முறையீட்டு வெள்ளம்: மாவட்டப் போட்டியில் தோற்றவர் கட்டணம் கட்டிக் கல்வித் துறையின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். அங்கும் பலிக்காவிட்டால் நீதிமன்றம், லோக் ஆயுக்த எனப் படியேறலாம். ஆணையுடன் வந்து மாநிலப் போட்டியில் ஆடலாம். இதனால் மாநில விழாவில் போட்டியாளர் எண்ணிக்கை பெருகி, மாலையில் முடிய வேண்டிய நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்டது. ஒப்பனையோடு பல மணி நேரம் காத்திருந்து களைத்த குழந்தை மேடையேறுகிறது. அதைவிடக் களைத்த நடுவர் மதிப்பெண் போடுகிறார்.

2018 ஜனவரியில் திருச்சூரில் நடந்த விழாவில் நிலைமை எல்லை மீறியது. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் பெயரில் போலி மேல்முறையீட்டு ஆணைகள் தயாரிக்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. குற்றப்பிரிவு போலீஸார் விசாரணையில் இறங்க, நடன ஆசிரியர்கள் கைதாயினர். குழந்தைகளைக் காக்க ஏற்பட்ட அமைப்பின் பெயரே மோசடிக்குப் பயன்பட்டது.

நீதிமன்றத்தின் சலிப்பு: கேரள உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் பலமுறை தன் சலிப்பை வெளியிட்டுள்ளது. தோல்வியை ஏற்கும் பக்குவம் குழந்தைகளுக்கு முன் பெற்றோருக்கு வர வேண்டும், ஆரோக்கியமற்ற போட்டி குழந்தைகளை மனச்சோர்வில் தள்ளக்கூடும் என்று 2022 டிசம்பரில் நீதிபதி வி.ஜி. அருண் குறிப்பிட்டார். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இத்தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி அரசு யோசிக்கலாம் என்ற கருத்தும் உயர் நீதிமன்றத்திலிருந்தே வந்தது.

பெற்றோருக்கு நீதிமன்றம் சொன்ன அறிவுரை நியாயமானது. ஆனால் அது பாதி மருந்துதான். தோல்வியை ஏற்றுக்கொள் என்று குழந்தையிடம் சொல்வதற்கு முன், அந்தத் தோல்வி முறையாக வந்தது என்று காட்டும் கடமை போட்டியை நடத்துவோருக்கு உண்டு.

ஓர் உயிர் போன கதை: இதே தலைநகரில் 2024 மார்ச் மாதம் நடந்த கேரளப் பல்கலைக்கழக இளைஞர் விழா, பாரபட்சப் புகார் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. நிலவிளக்கைச் சுற்றி ஆடும் மார்க்கம்களி போட்டியின் முடிவு பற்றிப் புகார் எழுந்தது. நடுவர் கைக்கூலி பெற்று ஓர் அணிக்கு முதலிடம் தந்தார் என்பது குற்றச்சாட்டு. போட்டி முடிவு ரத்தானது. நடுவர் ஒருவரும் நடனப் பயிற்சியாளர்கள் இருவரும் கைதாகி ஜாமீனில் விடப்பட்டனர்.

வேறு பல புகார்களும் மோதல்களும் சேர்ந்துகொள்ள, துணைவேந்தர் மோகனன் குன்னும்மல் மார்ச் 11ஆம் தேதி விழாவை நிறுத்தும்படி உத்தரவிட்டார். மார்ச் 13ஆம் தேதி, கண்ணூரைச் சேர்ந்த அந்த நடுவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். தாம் பணம் பெறவில்லை, தவறு செய்யவில்லை என அவர் எழுதிவைத்த குறிப்பு கிடைத்ததாகத் தெரிவிக்கப்பட்டது. அவரை மாணவர் சங்கத்தினர் தாக்கினர் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. இந்திய மாணவர் சங்கம் அதை மறுத்தது. 3 நாள் கழித்து மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியாக இருந்த நேரம் அது. மரணம் உடனடியாக அரசியல் மேடைக்குப் போய்விட்டது. காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றையொன்று சாடின.

இந்த ஆரவாரத்தில் அடிப்படைக் கேள்வி காணாமல் போனது. நடுவர்கள் எந்தெந்த அணிக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டனர்? பயிற்சியாளர்களுடன் யாருக்கு என்ன தொடர்பு என முன்கூட்டியே எழுதி வாங்கப்பட்டதா? ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்து வேறு மூவர் மதிப்பிட்டால் என்ன முடிவு வரும்? இக்கேள்விகளுக்கு அன்றிரவே பதில் தரும் ஓர் அமைப்பு இருந்திருந்தால், நடுவர் குற்றவாளியாயின் அங்கேயே சிக்கியிருப்பார். நிரபராதியாயின் அங்கேயே தலைநிமிர்ந்திருப்பார். குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் சோதிக்கப்படும் முன்பே ஒரு மனிதர் போய்விட்டார். முதலிடம் பெற்ற அணியின் மாணவர்களும் தங்கள் ஆட்டம் உண்மையிலேயே சிறந்ததா என்பதை இனி அறிய வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?: இச்சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்புதான் நாடாளுமன்றம், பொதுத் தேர்வுகளில் முறைகேடுகளைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மக்களவை பிப்ரவரி 6ஆம் தேதியும், மாநிலங்களவை பிப்ரவரி 9ஆம் தேதியும் ஒப்புதல் அளித்தன. 2024 ஜூன் 21இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முறைகேட்டுக்கு 3 முதல் 5 ஆண்டு வரை சிறை, ரூ.10 லட்சம் வரை அபராதம். ஆனால் இச்சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை மத்தியப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே தேர்வு வாரியங்கள், வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம், தேசியத் தேர்வு முகமை போன்ற மத்திய அமைப்புகள் நடத்தும் தேர்வுகளே. கருணை மதிப்பெண் தரும் கலைப் போட்டி அதில் வராது.

1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், பல்கலைக்கழகமோ பிற பொது அமைப்போ தேர்வு நடத்துவதற்காக யாருடைய சேவையைப் பெறுகிறதோ அவரையும் பொது ஊழியர் என்கிறது. விடைத்தாள் திருத்துபவர் இதில் அடங்குவார். நடனத்துக்கு மதிப்பெண் போடுபவர் அடங்குவாரா? "தேர்வு' என்ற சொல்லைக் குறுகலாகப் படித்தால் அடங்கமாட்டார். பொதுக் கடமை ஆற்றும் பதவியில் இருப்பவர் என்ற வேறொரு வகைப்பாட்டின் கீழ் கொண்டுவரலாம் என வாதிடலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழக அறங்காவலரும் பொது ஊழியர் வரம்புக்குள் வரலாம் என 2020 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. ஆயினும் சட்டத்தில் தெளிவு இல்லை என்பதே நிலைமை.

தில்லியிலும் இதே நிலை: தில்லிப் பல்கலைக்கழகத்தில் கலைத் திறனுக்கான ஒதுக்கீட்டில் சேர விரும்பும் மாணவருக்கு, 2022இல் அறிமுகமான முறைப்படி, பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 25 சதவீத மதிப்பும், நேரடித் திறன் சோதனை, சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு 75 சதவீத மதிப்பும் உண்டு. நடுவர் குழுவின் கையில் முக்கால் பங்கு.

தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் வேறு வழியில் செல்கிறது. அதன் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு ஆக்கத் திறன் எழுத்துத் தேர்வு 50 சதவீதம், பொதுத் திறன் தேர்வு 30 சதவீதம், தரப்படும் பொருள்களைக் கொண்டு நேரில் மாதிரி செய்து காட்டும் சோதனை 20 சதவீதம் என அண்மை ஆண்டுகளில் பகுக்கப்பட்டு வந்துள்ளது. ரசனை சார்ந்த மதிப்பீட்டை ஒழிக்க முடியாது. ஆனால் ஒரே குழுவின் ஒரே பார்வை முழு முடிவையும் தீர்மானிக்காதபடி பிரித்து வைக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

முகம் மறைந்தும் கை தெரிகிறது: கேரள விழாவில் மாணவர் பெயரோ பள்ளியோ அறிவிக்கப்படுவதில்லை. குலுக்கலில் கிடைத்த எண்ணுடன் மேடையேறுகிறார். ஆனால் நாட்டிய உலகம் சிறியது. பாட்டைக் கேட்டாலே யார் அமைத்தது என்று தெரியும். அடவைப் பார்த்தால் எந்த ஆசிரியரின் பயிற்சி என்று தெரியும். ஆடையின் தையலும் தலை அலங்காரமும்கூடக் காட்டிக் கொடுக்கும். நடுவர்களில் பலர் தாமும் பயிற்சி ஆசிரியர்களே. இன்று மதிப்பெண் போடுபவரின் மாணவி நாளை இன்னொரு மாவட்டத்தில் ஆடக்கூடும். அங்கே நடுவர் இன்றைய போட்டியாளரின் ஆசிரியராக இருக்கக்கூடும். கைக்கூலி கைமாறாமலேயே ஓரவஞ்சனைக்கு இடம் உண்டு. ரகசியக் கண்காணிப்புப் போலீஸார் எத்தனை பேரை நிறுத்தினாலும் இதைப் பிடிக்க முடியாது.

ஒலிம்பிக் தந்த பாடம்: 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பனிச்சறுக்கு நடனப் போட்டியில் ரஷிய ஜோடிக்குத் தங்கம் கிடைத்தது. தமக்கு நெருக்கடி தரப்பட்டதாகப் பிரான்ஸ் நடுவர் கூற, உலகமே அதிர்ந்தது. கனடா ஜோடிக்கும் தங்கம் வழங்கப்பட்டது. அந்த நடுவருக்கும் பிரான்ஸ் சம்மேளனத் தலைவருக்கும் 3 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதோடு நிற்காமல், 6.0 என்ற பழைய மதிப்பெண் முறையையே சர்வதேசச் சம்மேளனம் 2004இல் கைவிட்டது. ஒவ்வோர் அசைவுக்கும் தனி மதிப்பெண்; அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிச் சராசரி என்ற முறை வந்தது.

நடுவர்களை நெருக்கடியிலிருந்து காக்க, யார் எவ்வளவு போட்டார் என்பதை முதலில் மறைத்தனர். சந்தேகம் குறையவில்லை. 2016இல் அந்த மறைப்பும் நீக்கப்பட்டது. நடுவரின் பெயரும் அவர் தந்த மதிப்பெண்ணும் பகிரங்கமாயின. மறைப்பு நடுவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்தவர்கள், வெளிச்சமே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வர 14 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தியவர் பெயரை வெளியிடத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆனால் கலைப் போட்டியில் நடுவர் எல்லோர் கண்ணெதிரிலும் அமர்ந்திருக்கிறார். அங்கே மறைப்பதற்கு மதிப்பெண் தாளைத் தவிர வேறில்லை.

புகார் செய்தவருக்குத் தண்டனையா?: 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில், சிறந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்ததில் பாரபட்சம் எனக் கூறி மாணவர்கள் போராடினர். அதைத் தொடர்ந்து 2 பள்ளிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பள்ளிகள் வருத்தம் தெரிவித்த பின் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. குழந்தைகளை முன்னிறுத்திப் போராடுவது தவறு என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கேள்வி கேட்பவரை விலக்கி வைப்பதால் கேள்வி விலகிவிடாது.

தமிழகம் கவனிக்க வேண்டியது: தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. கட்டணம் கட்டி நடனமோ வாய்ப்பாட்டோ கற்க வசதியில்லாத பிள்ளைகளை மேடையேற்றிய நல்ல முயற்சி அது. மாநில அளவில் வெல்வோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்களும், சிறந்தவர்களுக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் அறிவிக்கப்பட்டன.

கேரளம் 20 ஆண்டுகள் வைத்துப் பார்த்து, 2006இல் கைவிட்ட தனிநபர் பட்டத்தைத்தான் தமிழகம் 16 ஆண்டுகளுக்குப் பின் கையில் எடுத்தது என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. பரிசு பெரிதாகப் பெரிதாக நடுவர் மீதான நெருக்கடியும் பெரிதாகும். அண்டை மாநிலத்தின் அனுபவம் கண்ணெதிரே இருக்கும்போது, புகார்கள் குவிந்த பின் விதி வகுப்பதைவிட முன்பே வகுப்பது நல்லது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. மூன்று நடுவருக்குப் பதில் ஐவரை அமர்த்தினால் உச்ச, குறைந்த மதிப்பெண்களை நீக்கிச் சராசரி காண முடியும். போட்டி நாள் காலையில் குலுக்கல் மூலம் நடுவரைத் தேர்வு செய்யலாம். கடந்த சில ஆண்டுகளில் யாருக்கெல்லாம் பயிற்சி தந்தார் என்பதை அவரிடம் எழுதி வாங்கலாம். தாளம், பாவம், அடவு, ஆடைப் பொருத்தம் எனப் பகுதிவாரியாக மதிப்பெண் போட்டு, போட்டி முடிந்த அரை மணி நேரத்தில் பெயருடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அன்றே ஒளிப்பதிவைப் பார்த்து முடிவு சொல்லும் மேல்முறையீட்டுக் குழுவைப் போட்டி நடக்கும் ஊரிலேயே அமர்த்தலாம். கருணை மதிப்பெண் தொடருமானால், அதை வழங்கும் போட்டிகளைத் தேர்வு என்றே கருதி, நடுவரையும் பொது ஊழியர் வரையறையில் சேர்க்க நாடாளுமன்றம் ஒரு வரித் திருத்தம் கொண்டுவரலாம்.

கேரளக் கலைவிழாவில் தமிழ்க் கவிதை ஒப்புவித்தலும் ஒரு போட்டி. சாலைத் தெருவின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அதில் கலந்துகொண்டு தோற்றால், ஏன் தோற்றோம் என்று ஒரு தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வென்றால், அந்த வெற்றியை யாரும் கேலி பேச முடியாதபடி அதே தாளைக் காட்ட வேண்டும். அந்தத் தாளை வெளியிட அரசுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகப்போவதில்லை.